கீரியும் கோழிக்கூடும்

நாட்டுக்கோழி வளர்ப்பைப் பற்றி இவ்விதழில் எழுதும்போதெல்லாம் அங்கத்தினர்களிடமிருந்து வரும் வினா பெரும்பாலும் ஒன்றே. எந்த இனம் நல்லது, எந்தத் தீனி மலிவு என்று கேட்பவர் சிலர். ‘கீரியை என்ன செய்வது? பருந்தை என்ன செய்வது? நாயை யார் கேட்பது?’ என்று கேட்பவரோ பலர். அண்மையில் சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, சங்கக் கடையில் உரமும் விதையும் வைத்திருப்பதுபோல் பொறிகளையும் விஷமருந்தையும் தருவித்து விற்றால் என்ன என்று வினவியுள்ளனர். மனம் நொந்து கேட்டவர்களே அவர்கள். அவர்கள்மீது நமக்கு வருத்தம் இல்லை. ஆயினும் அவ்வேண்டுகோளுக்கு இசைய நம்மால் இயலாது. ஏன் இயலாது என்பதையும், அதற்கு மாறாகச் சங்கம் செய்யத்தக்க காரியம் யாது என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் நஷ்டத்தின் அளவைக் குறைத்துப் பேசுவார்க்கு ஒரு சொல். ‘ஒரு கோழி போனதற்கு இவ்வளவு கூச்சலா?’ என்று நிலபுலம் உடையவர்கள் நகைப்பதுண்டு. நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். அவற்றுள் பத்துப் பன்னிரண்டை வைத்து, 21 நாள் தீனியும் தண்ணீரும் குறைத்து அடைகாத்து, குஞ்சு பொரித்து, இரண்டு மூன்று மாதம் அவற்றைத் தன் சிறகின்கீழ் வைத்து மேய்க்கும். அக்குஞ்சுகளில் பாதி முதல் மாதத்திலேயே மறைந்துபோனால், இழப்பு அக்குஞ்சுகளோடு நிற்பதில்லை. தாய்க்கோழியின் நான்கு மாத உழைப்பும், அக்காலத்தில் அது இடாமற்போன முட்டையும் சேர்ந்தே போகின்றன. அது யாருடைய பணம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நெசவுக் கூலி வீட்டுத் தலைவர் கைக்கு வருகிறது. மஞ்சளும் நிலக்கடலையும் விற்ற பணம் கடனுக்கும் உரத்துக்கும் போகிறது. கோழி விற்ற காசு ஒன்றுதான் வீட்டுப் பெண்ணின் முந்தானையில் முடிச்சாக நிற்பது. பிள்ளைக்குச் சுரம் கண்டால் மருந்து வாங்குவதும், பள்ளிக்கூடத்து நோட்டு வாங்குவதும் அம்முடிச்சிலிருந்தே.

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புழக்கடையில் வளரும் கோழியினங்கள் ஏறத்தாழ 31.7 கோடி. அதற்கு முந்தைய 2012-ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது 45 விழுக்காட்டுக்கும் மேல் மிகுதி. கோழிகளின் மொத்தத் தொகையில் தமிழ்நாடு 12 கோடிக்கு மேல் வைத்துக்கொண்டு முதலிடத்தில் நின்றது. அதில் பெரும்பங்கு நாமக்கல் பக்கத்துப் பெரும் பண்ணைகளுடையது என்பது மெய்யே. அங்கே கம்பிக்கூண்டில் நிற்கும் கோழிக்குக் கீரிப்பயமும் இல்லை, மண்ணைக் கிளறும் இன்பமும் இல்லை. நம் கோழிகள் வேறு வகையின. அவை காலையில் வெளியே போய்க் குப்பைமேட்டிலும் களத்துமேட்டிலும் தம் தீனியைத் தாமே தேடிக்கொண்டு மாலையில் வீடு திரும்புவன. பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும் தெருவில், சிந்திய சோற்றுப் பருக்கைக்குக் கோழிகள் கூடும் காட்சியை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். தீனிச் செலவின்றி வளர்வதே இக்கோழியின் லாபம். திறந்த வெளியில் திரிவதே அதன் ஆபத்து. ஒன்றை விரும்பி மற்றொன்றை முற்றிலும் நீக்க நினைப்பது நடவாது.

நெசவாளர் வீட்டுக்குத் தனியாக ஓர் இடர்ப்பாடு உண்டு. தறிக்குழியில் இறங்கி மிதியில் கால் வைத்தவர் நினைத்தபோது எழுந்தோட முடியாது. அருகில் தார் சுற்றும் பெண்ணின் கையும் ஓயாது. தறியின் ஓசையில் வெளியே தாய்க்கோழி இடும் கூக்குரல் காதில் விழுவதில்லை. விசைத்தறிக் கொட்டகையாயின் இடி இடித்தாலும் கேளாது. காட்டில் வேலை செய்யும் குடியானவர் நிமிர்ந்து பார்த்து ‘ஓ’ என்று ஒரு சத்தம் இட்டாலே பருந்து விலகிப்போகும். அவ்வசதி நெசவாளருக்கு இல்லை. ஆதலால், ‘விழிப்பாக இருங்கள்’ என்று அறிவுரை கூறுவது நம் அங்கத்தினருள் பாதிப்பேருக்குப் பயனற்ற பேச்சு.

இனி, கள்வர் யாவர் என்று பார்ப்போம். இதில் நம்மவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. எந்தக் கோழி எந்நேரத்தில் செத்தாலும் பழி கீரிமேல் விழுகிறது. கீரி பகலில் இரைதேடும் பிராணி. காலை வெயில் ஏறியபின் வேலியோரத்தில் அது ஓடுவதை நாம் எல்லோரும் காண்கிறோம். கண்ணில் படுவதாலேயே பெயரும் கெட்டுவிட்டது. நள்ளிரவில் கூட்டுக்குள் புகுந்து ஐந்து கோழிகளைக் கொன்றது கீரி என்று ஒருவர் சொன்னால் நாம் ஏற்கத் தயங்க வேண்டும். அது மரநாயாகவோ, புனுகுப்பூனையாகவோ, காட்டுப்பூனையாகவோ, ஊர்நாயாகவோ இருத்தல் கூடும். இரவில் வருபவனுக்குப் பூட்டும் பகலில் வருபவனுக்கு மறைவும் தேவை. இரண்டையும் மாற்றிச் செய்தால் இரண்டும் வீண்.

அடையாளங்களைக் கொண்டு ஓரளவு தெளியலாம். பட்டப்பகலில் ஒரு குஞ்சு மட்டும், ஓர் இறகும் சிந்தாமல் மறைந்தால் பருந்தையோ வல்லூற்றையோ காகத்தையோ ஐயுறுக. பருந்து வெட்டவெளியில் வட்டமிட்டு இறங்கும். வல்லூறு மரக்கிளையில் ஓசையின்றி அமர்ந்திருந்து தாழப் பறந்து வந்து தூக்கும். இவை தூக்குவன பெரும்பாலும் சிறு குஞ்சுகளே. வளர்ந்த கோழியை இவற்றால் எடுத்துச் செல்ல முடியாது. அடைக்கு வைத்த முட்டை ஓடும் மிஞ்சாமல் குறைந்தால் பாம்பு வந்து போயிருக்கிறது. விழுங்க முயன்று முடியாமல் விட்ட குஞ்சின் தலையும் கழுத்தும் நனைந்து ஒட்டிக் கிடப்பதும் அதற்கு அடையாளம். உடைந்த ஓடு சிதறிக் கிடந்தால் கீரியோ காகமோ உடும்போ எனலாம். (முட்டையைப் பின்னங்கால்களின் இடையே பின்னோக்கி எறிந்து கல்லில் மோதி உடைக்கும் தந்திரம் கீரியினத்துள் சிலவற்றுக்கு உண்டு, பார்த்தவர் வியவாமல் இரார்.) இரவில் கூரை ஓட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கி, தலையையும் கழுத்தையும் கடித்துக் கொன்றிருந்தால் அது மரநாயின் வேலை. அந்திப்பொழுதில் வேலியோரத்திலிருந்து முழுக்கோழியே காணாமற்போயிற்றென்றால் காட்டுப்பூனை, அல்லது ஊர்ப்புறத்து நரி. இறகு நாற்புறமும் பறந்து, பல கோழிகள் குதறப்பட்டுத் தின்னப்படாமலே கிடந்தால் ஐயமே வேண்டா, நாய்.

இவற்றிலும் தெளியாவிடின், சலித்த சாம்பலையோ நுண்மணலையோ மாலையில் கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பரப்பி வைத்து விடியலில் காண்க. நான்கு விரலும் நகக்குறியும் தெரிந்தால் நாய் அல்லது நரி; நான்கு விரல் இருந்து நகக்குறி இல்லையேல் பூனையினம்; ஐந்து விரல் பதிந்தால் மரநாய் அல்லது கீரி. காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமல் எவரும் கீரிமேல் கோல் ஓங்கலாகாது என்பது நம் கருத்து.

பசிக்கு ஒன்று போதுமே, ஏன் கூட்டில் இருந்த எல்லாவற்றையும் கொல்ல வேண்டும் என்று மனம் வெதும்பிக் கேட்பவர் உண்டு. அது பிராணியின் கொடுமையைக் காட்டுவதாகவும் கொள்வர். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த ஹான்ஸ் க்ரூக் என்னும் அறிஞர் 1972-இல் இதைப் பற்றி எழுதினார். காரிருளில் தரையில் அமர்ந்திருந்த கடற்பறவைகளை நரிகள் தம் தேவைக்கு மேல் கொன்று குவித்ததை அவர் இங்கிலாந்தில் கண்டார். இரை ஓடவோ பறக்கவோ முடியாத நிலையில் இருந்தால், கொல்லும் பிராணியின் வேகத்தை நிறுத்துவதற்கு ஒன்றுமில்லாமற் போகிறது. இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாதெனில், ஓட்டையுள்ள கூடு கூடே இல்லாததைவிடத் தீயது. புளியமரத்தில் ஏறி உறங்கும் கோழிகளுள் ஒன்று போனால் மற்றவை பறந்து தப்பும். ஓட்டைக் கூட்டில் அடைபட்டவை ஒன்றும் தப்பா.

நாயைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் மனிதர் செய்த கேடு இதில்தான் மிகுதி. 2024, 2025-ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கங்களில் நாய்க்கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், ஆடு வளர்ப்போர் இறந்த ஆடுகளுடன் சாலைக்கு வந்து முறையிட்டதும் எல்லோரும் அறிந்த செய்தி. ஆட்டுக்கு நேர்ந்தது கோழிக்கும் நேர்கிறது. கோழிக்காக மறியல் செய்வார் இல்லை என்பதே வேறுபாடு. இந்நாய்கள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. இறைச்சிக்கடைக் கழிவை மூட்டை கட்டி இரவில் சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் எறிகிறார்கள். கோழித்தலையும் குடலும் தின்று வளரும் நாய், அக்கழிவு கிடைக்காத நாளில் உயிருள்ள கோழியை நாடுவதில் என்ன வியப்பு? நோயால் செத்த கோழியைப் புதைக்கச் சோம்பி வேலிக்கு அப்பால் எறியும் நம் வீட்டாரும் இதற்கு விலக்கல்லர். ஊராட்சியைக் குறைகூறுமுன் செத்த கோழியை இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கும் வழக்கத்தை நாம் கைக்கொள்ள வேண்டும். பின்னர், கழிவு எறியும் கடைகளின்மீது நடவடிக்கை கோரியும், நாய்களுக்குக் கருத்தடை செய்யும் 2023-ஆம் ஆண்டு விதிகளை நம் ஊரில் நடைமுறைப்படுத்தக் கோரியும் சங்கத்தின் பெயரால் ஊராட்சிக்கு எழுதலாம். தனி ஒருவர் எழுதும் மனுவைவிட நூறு அங்கத்தினர் கையொப்பம் இட்ட மனுவுக்கு வலிமை உண்டு.

இப்பொழுது விஷத்துக்கு வருவோம். செத்த கோழியின் வயிற்றில் குருணை மருந்தைத் திணித்து வேலியோரம் வைக்கும் பழக்கம் ஆங்காங்கே இருக்கிறது. அதைத் தின்பது யார் என்று வைத்தவர் காத்திருந்து பார்ப்பதில்லை. காகம் தின்கிறது, அண்டை வீட்டு வளர்ப்பு நாய் தின்கிறது, இழுத்துச்சென்று போட்ட இடத்தில் மயில் கொத்துகிறது, எஞ்சிய மருந்து மழையில் கரைந்து ஆடுமாடு குடிக்கும் குட்டையில் சேர்கிறது. நம் நிலங்களுக்கு வடமேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து அவ்வினத்தை நாடெங்கும் அழித்ததைக் கண்டு, 2006-இல் அதைக் கால்நடைக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்தனர். மருந்துக்குத் தப்பிய கழுகு விஷமிட்ட பிணத்துக்குத் தப்ப முடியாது. கோழிக்காக வைத்த விஷம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வைப்பவர் எண்ணுவதில்லை.

மின்கம்பியைப் பற்றி இரண்டு சொல் போதும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சி வேலியாகக் கட்டுவது கொலைக்கு ஒப்பானது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அத்தகைய கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. யானையைக் கொல்லும் கம்பி, விடியலில் தண்ணீர் பாய்ச்சப்போகும் அண்டைக்காட்டாரைக் கொல்லாது என்பதற்கு உறுதி ஏது?

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கீரி, காட்டுப்பூனை, மரநாய், நரி, உடும்பு, நல்லபாம்பு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ‘வேட்டை’ என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் பொருளில் பொறி வைத்தலும் விஷம் வைத்தலும் அடங்கும். தன் உயிரையோ பிற மனிதர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொன்றால் குற்றமில்லை என்று அதில் ஒரு விதி உண்டு. கோழியின் உயிரைக் காக்க என்று விதியில்லை. உடும்பு முதல் அட்டவணையைச் சேர்ந்தது. அவ்வட்டவணைப் பிராணியைக் கொன்றால் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. முன்பு காகம், எலி முதலியவற்றைத் தீங்குயிர் எனக் கூறும் ஐந்தாம் அட்டவணை ஒன்று இருந்தது. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவ்வட்டவணையையே நீக்கிவிட்டது. இந்நிலையில் பொறியையும் விஷத்தையும் சங்கக் கடையில் வைத்து விற்பது, அங்கத்தினரை நாமே கைபிடித்துச் சிறைக்கு அனுப்புவதாகும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, கீரி நமக்குச் செய்யும் ஊழியத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எலியும் பெருச்சாளியும் நெசவாளருக்கும் குடியானவருக்கும் பொதுப்பகை. நூல் அறையில் புகுந்த எலி ஓர் இரவில் ஒரு பாவைக் கடித்தால், அறுந்த இழைகளைத் தேடி முடிந்து முடிந்து ஒருநாள் கூலி போய்விடும். பட்டறையில் வைத்த நிலக்கடலையையும், வரப்பில் பெருச்சாளி தோண்டிய வளையால் உடைந்தோடும் தண்ணீரையும் குடியானவர் அறிவார். அவ்வெலிகளைத் தேடித் தின்பது கீரி. நல்லபாம்பை எதிர்ப்பதும் அதுவே. ஒரு கீரியைக் கொன்றவர் தம் கோழிக்குஞ்சைக் காப்பாற்றியிருக்கலாம். பக்கத்து வீட்டு நூலுக்கு எலியை ஏவிவிட்டார் என்றும் சொல்ல இடமுண்டு. ஓவியத் தூரிகைக்கு அதன் மயிர் வேண்டும் என்பதற்காகவும் வடநாட்டில் கீரிகளைக் கொன்று வந்தனர். அவ்வாணிபமும் இன்று சட்டவிரோதம்.

இதைச் சொல்லும்போது கீரியை வரம்பின்றிப் புகழ்வதும் நம் எண்ணமன்று. 1872-இல் எஸ்பியூட் என்னும் தோட்ட முதலாளி, கரும்பைத் தின்னும் எலிகளை ஒழிப்பதற்காகக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காத் தீவுக்குக் கொண்டுபோனார். எலி குறைந்தது உண்மை. ஆனால் அவை பெருகிக் கோழிகளையும் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் தின்னத் தொடங்கியபின், இருபது ஆண்டுக்குள் அத்தீவினர் கீரியைச் சபிக்கலாயினர். அங்கே அது புதிதாய் வந்த விருந்தாளி. அதைத் தடுப்பார் இல்லை. இங்கே அது நம் பாட்டன்மார் காலத்துக்கும் முந்தைய குடி. அதனோடு சேர்ந்து வாழும் வகையை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

முன்னோர் அறிந்ததற்குச் சான்று தொலைவில் இல்லை. குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைப்பொழுதில் வேலிப்புறத்தில் காட்டுப்பூனையைக் கண்டு அஞ்சிய வீட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் நிலையை உவமையாக்கினார். அப்புலவர் குறித்த நேரமும் இடமும் நமக்குப் பாடம்: நேரம் அந்தி, இடம் வேலியோரம். இன்றும் காட்டுப்பூனை அந்நேரத்தில் அவ்விடத்துக்கே வருகிறது. ஆனால் அந்நேரத்தில் நம் கோழிகள் எங்கே இருக்கின்றன? பலர் வீட்டில் விளக்கேற்றி, சமையல் முடித்து, தொலைக்காட்சியும் பார்த்து முடித்தபின்பே ‘கோழியை அடைத்தாயா?’ என்ற கேள்வி எழுகிறது.

கூட்டின் அமைப்பைச் சொல்வோம். இதில் சிக்கனம் வேண்டியதே, கஞ்சத்தனம் ஆகாது. கடையில் சுருளாக விற்கும் அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி நாயை வெளியே நிறுத்தாது. இரண்டு மழைக்காலத்தில் துருவேறி விரலுக்கே கிழியும். பற்றவைத்த கம்பிவலை, அரையங்குலக் கண்ணுடையது, விலை சற்று மிகுந்தாலும் அதுவே தக்கது. பெரும்பாலான பாம்புகளும் வளர்ந்த எலிகளும் அதில் நுழையா. தரைமேல் கட்டும் கூடாயின் வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்புறமாக மடித்துப் புதைக்க வேண்டும். தோண்டும் பிராணி சுவரடியிலேயே தோண்டுமாதலால் மடிப்பில் நகம் பட்டுத் திரும்பும். இதனினும் நன்று, இரண்டு மூன்றடி உயரக் கால்களின்மேல் கூட்டை நிறுத்துவது. உதவாத பழைய தறிச்சட்டங்கள் எத்தனையோ வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. அம்மரம் இக்கால்களுக்கு வெகு பொருத்தம். கால்களைச் சுற்றி வழுவழுப்பான தகரத்தை ஒரு முழ உயரம் அறைந்தால் எலியும் பாம்பும் ஏறா. வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரவில் தங்க ஒரு சதுர அடி போதும். கூரை ஓட்டைக் கட்டாமல் வெறுமனே அடுக்கினால் மரநாய் அதைத் தள்ளிவிடும். ஓட்டுக்கு அடியிலும் வலை வேண்டும். காற்று மேற்புறத்தில் புகட்டும். கதவுச் சந்தில் இரண்டு விரல் நுழையுமானால் அக்கதவை மீண்டும் தச்சரிடம் கொடுக்க.

கதவுக்குக் கயிறு போதும் என்பார் உண்டு. கயிற்றை நாய் கடித்து இழுக்கும். கொக்கியும் தாழும் வைக்க.

அடைப்பது அந்தி மயங்குமுன். திறப்பது வெளிச்சம் நன்றாகப் பரவியபின். நாள்தோறும் மாலையில் ஒரே நேரத்தில் ஒரு பிடி சோளமோ கம்போ கூட்டுக்குள் இறைத்தால் கோழிகள் தாமே வந்து நிற்கும். துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. புதிதாக வாங்கிய கோழிகளை ஒரு வாரம் வெளியே விடாமல் கூட்டிலேயே வைத்தால் அதுவே தம் வீடு என்று பழகிவிடும். சிந்திய தீனியை இரவில் தரையில் விடலாகாது; தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், பிறகு பாம்பைக் குறைகூறிப் பயனில்லை.

பகலுக்கு வேறு உபாயம். பொரித்து மூன்று நான்கு வாரம் வரை குஞ்சுகளையும் தாயையும் பஞ்சாரத்தின்கீழ் வைத்து, ஆள் அருகில் இருக்கும் வேளைகளில் மட்டும் திறந்துவிடுவது பழைய முறை; அதைவிடச் சிறந்தது இன்றும் இல்லை. பஞ்சாரத்தின்மேல் கல் வைக்க மறவற்க. அதன்பின் மேயும் இடத்தில் மறைவு வேண்டும். பெருக்கிச் சுத்தமாக வைத்த வெட்டவெளி வாசல் மனிதர் கண்ணுக்கு அழகு. பருந்தின் கண்ணுக்கு அது சோறு பரிமாறிய இலை. நம் பக்கத்துக் கிளுவை வேலி இதற்கென்றே அமைந்தது போன்றது. அடர்ந்து முள்ளோடு நிற்கும் அவ்வேலியின் அடியில் கோழி புகுந்தால் வல்லூறு பின்தொடராது. கிளுவையை வெட்டிவிட்டுக் கல்காலும் கம்பியும் நட்டவர்கள் கோழிக்கு நிழலையும் ஒளிவிடத்தையும் சேர்த்தே வெட்டினார்கள். வேலியில் கீரி குடியிருக்குமே எனின், இருக்கும்; அதனாலேயே குஞ்சுகளைத் தொடக்க வாரங்களில் வேலிப்பக்கம் விடாமல் வைப்பதும், வீட்டுக்கு அண்மையில் முருங்கையும் கறிவேப்பிலையும் தாழக் கவைத்து வளர்ப்பதும் வேண்டும். குஞ்சுகளுக்குச் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்தால் பருந்து அஞ்சும் என்று சொல்லிச் சிலர் சாயப்பட்டறைக்குக் குஞ்சுகளோடு வருகிறார்கள். பருந்தினம் நிறங்களை நன்கு பிரித்தறியும் கண்ணுடையது. மண்ணிறக் குஞ்சைவிடச் சிவப்புக் குஞ்சு அதற்கு எளிதில் தெரியும் என்றே நாம் கருதுகிறோம். சாயத்தை நூலுக்கு வைத்துக்கொள்வோம்.

இனத்தேர்விலும் இது நினைக்கத்தக்கது. கனத்த உடலும் வெள்ளை இறகும் கொண்ட கோழி வெளியில் மேய ஏற்றதன்று. மண்ணோடு மண்ணாகத் தெரியும் நிறமும், நீண்ட காலும், ஒரே பாய்ச்சலில் மதில்மேல் ஏறும் சிறகும் உள்ள சிறுவிடை போன்ற நாட்டினமே தன்னைத் தான் காத்துக்கொள்ளும். கூட்டத்துக்கு ஒரு நல்ல சேவலும் வேண்டும். வானத்தில் பருந்தைக் கண்டால் ஒருவிதக் குரலும், தரையில் நாயையோ பூனையையோ கண்டால் வேறுவிதக் குரலும் சேவல் எழுப்புவதையும், முதற்குரல் கேட்டால் கோழிகள் பதுங்குவதையும் இரண்டாவதைக் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பதையும் பீட்டர் மார்லர், கிறிஸ்டோபர் எவான்ஸ் ஆகிய அறிஞர்கள் சோதனையால் காட்டி 1993-இல் வெளியிட்டனர். அடுக்களையில் இருந்துகொண்டே ‘மேலே பருந்து’ என்று சொல்லும் நம் மூதாட்டியர் அக்கட்டுரையைப் படித்தவர் அல்லர். விலை கிடைக்கிறது என்று சேவலையெல்லாம் விற்றுவிடுவோர் இதனைக் கருதுக.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. கோழிச்சாவுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், கீரியும் பருந்தும் நாயும் சேர்ந்து கொண்டுபோவதைவிட ஒரே வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் கொண்டுபோவது மிகுதியாய் இருக்கும். அதற்குத் தடுப்பூசி கால்நடை மருந்தகத்தில் கிடைக்கிறது. நோயுற்றுத் தளர்ந்த கோழியே முதலில் கொல்லும் பிராணியிடம் சிக்குகிறது. கண்ணில் பட்ட கீரி பழி சுமக்கிறது.

ஆக, நாம் சங்க நிர்வாகிகளுக்கு முன்வைப்பது இது. கோழிக்குஞ்சு வாங்கச் சிறுகடன் கேட்போருக்குக் குஞ்சுக்கு மட்டும் பணம் கொடுப்பதை நிறுத்த வேண்டும். கூட்டையும் சேர்த்தே கடன் வழங்குக. கூடு நின்றபின்பே குஞ்சு என்பது விதியாகட்டும். அரசு மானியத்தில் குஞ்சு பெறும் பெண்களுக்கும் இக்கூட்டுக்கடன் கிடைக்க வழி செய்க. கம்பிவலையை ஆளுக்கு மூன்று கஜம் சில்லறையாக வாங்கும் விலை வேறு, சங்கம் சுருள் சுருளாக மொத்தத்தில் வாங்கும் விலை வேறு. நூலைச் சேர்ந்து வாங்கித்தானே நாம் சங்கமானோம்? வலைக்கு மட்டும் அந்நெறி ஏன் பொருந்தாது? நம் அங்கத்தினருள் தச்சுவேலை அறிந்தோர் இருக்கின்றனர். பத்துக்கோழி தங்கும் கூடு ஒன்றை அவர்களைக் கொண்டு செய்வித்து, நூல் கிடங்கின் முகப்பில் எல்லோரும் கண்டு தொட்டுப் பார்க்கும்படி நிறுத்தி வைக்கலாம். கடன் தவணை சிறிதாக, வாராவாரம் முட்டை விற்ற பணத்திலிருந்து கட்டத்தக்கதாக இருத்தல் வேண்டும். நாயோ பிற பிராணியோ கொன்றதென்று கடனைத் தள்ளிவைக்கக் கோரி வருவோரிடம், கதவுக்குத் தாழ் இருந்ததா என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்க.

‘இது நெசவுச் சங்கமா, கோழிச் சங்கமா?’ என்று கேட்போர் பொதுக்குழுவில் இருப்பர். தறி ஓடாத மாதங்களில் அவர்கள் வீட்டு உலை எதனால் கொதித்தது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டுவிட்டு வருக என்பதே அவர்களுக்கு நம் விடை.

அடுத்த பொதுக்குழுவுக்கு வரும் அங்கத்தினர்கள், சென்ற ஓராண்டில் தம் வீட்டில் பொரித்த குஞ்சு எத்தனை, தேறியது எத்தனை, போனவற்றுள் பகலில் போனது எவ்வளவு, இரவில் போனது எவ்வளவு, நோயில் செத்தது எவ்வளவு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிவருமாறு கேட்டுக்கொள்கிறோம். கூடு எத்தனை செய்விப்பது, வலை எவ்வளவு வாங்குவது என்பதை அக்கணக்கைக் கொண்டே தீர்மானிக்க முடியும். கணக்கை வீட்டுப் பெண்களிடமே கேட்டு எழுதுக. தறிக்குழியில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை.